உங்கள் உடலை யார் கண்ணால் பார்க்கிறீர்கள்?

ஊடகமும் ஊராரும் நம் தோற்றத்தைப் பற்றி நமக்குச் சொல்லித்தருவது என்ன? அது மூத்தோரின் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது?

இரண்டு பாராட்டுகள்

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு மண்டபத்தில் கல்யாணம். 68 வயது அம்மா ஒருவரும் அவருடைய கணவரும் உள்ளே வருகிறார்கள். நான்கு மாதத்திற்கு முன்பு 62 கிலோவாக இருந்த அந்த அம்மாவின் எடை இப்போது 57 கிலோ. அவர் எடையைக் குறைக்க எந்த முயற்சியும் செய்யவில்லை. பசி குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

"அக்கா, எவ்வளவு இளைச்சுட்டீங்க! பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க!" என்கிறார் ஓர் உறவினர். அம்மாவுக்கு மகிழ்ச்சி.

கணவரின் இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். அவரைப் பார்த்து இன்னொருவர் சொல்கிறார்: "அண்ணே, நல்லாப் பூசினாப்புல இருக்கீங்க. வசதியா இருக்கீங்கன்னு பார்த்தாலே தெரியுது." அவருக்கும் மகிழ்ச்சி.

இரண்டும் அன்பாகச் சொன்ன வார்த்தைகள்தான். ஆனால், மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய இருவரும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். உடலைப் பற்றிய தவறான அளவுகோல் நம் மனத்தை மட்டும் நோகடிப்பதில்லை. நோயின் அறிகுறியையும் மறைத்துவிடக் கூடும். அதனால்தான் இந்தப் பாடம்.

உடல் தோற்ற எண்ணம் என்றால் என்ன?

உங்கள் உடலைப் பற்றி நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் படமே உடல் தோற்ற எண்ணம். அதில் மூன்று பகுதிகள் உள்ளன.

• உங்கள் உடல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது
• அதைப் பற்றி உங்களுக்கு ஏற்படும் உணர்வு: திருப்தி, வெட்கம், கவலை
• அந்த உணர்வால் நீங்கள் செய்வது அல்லது செய்யாமல் விடுவது

மூன்றாவது பகுதிதான் உடல்நலத்தை நேரடியாகத் தொடுகிறது. "வயிறு தெரிகிறதே" என்று இரவு உணவை விடுவது, "இந்த வயதில் டிராக் சூட்டா?" என்று உடற்பயிற்சிக்குப் போகாமல் இருப்பது, பல் விழுந்துவிட்டதே என்று நண்பர்களைப் பார்க்காமல் தவிர்ப்பது ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

"இதெல்லாம் இளம்பெண்களின் பிரச்சினை" என்று நினைக்க வேண்டாம். நரை, சுருக்கம், தொப்பை, வழுக்கை, கூன் என்று உடல் அதிகம் மாறும் பருவம் முதுமைதான். ஆண்களுக்கும் இந்தக் கவலை உண்டு. வெளியே சொல்வதுதான் குறைவு.

அளவுகோல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது

நீங்கள் பார்த்த படங்களையே எடுத்துக்கொள்வோம். 1950களிலும் 60களிலும் சாவித்திரி, பத்மினி போன்ற நடிகைகளின் நிறைந்த உடல்வாகை ரசிகர்கள் கொண்டாடினார்கள். 1990களில் மெத்தென்று உப்பிய இட்லிக்கே 'குஷ்பு இட்லி' என்று பெயர் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் ஒல்லியான நாயகிகளும் வயிற்றில் தசை மடிப்புகள் தெரியும் நாயகர்களும் வழக்கமாகிவிட்டார்கள்.

பெண்களின் உடல் இந்த அறுபது ஆண்டுகளில் அடியோடு மாறிவிடவில்லை. மாறியது திரையில் காட்டப்பட்ட அளவுகோல். அன்று அழகு என்று பாராட்டப்பட்ட அதே உடல்வாகு இன்று 'குண்டு' என்று சொல்லப்படுகிறது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை மாறும் அளவுகோலை வைத்து எழுபது ஆண்டு வாழ்ந்த உடலுக்கு மதிப்பெண் போட முடியுமா?

ஊடகம் நம் வீட்டுக்குள் வந்த விதமும் மாறியது. சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ல் வந்தது. 1974ல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அப்போது ஒரு நிகழ்ச்சி முடிந்தால் பெட்டியை அணைத்துவிடுவோம். இன்று கைப்பேசி தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 'ஏழே நாளில் தொப்பை கரைய' என்ற காணொளியை நீங்கள் ஒருமுறை முழுதாகப் பார்த்தால், அதே போன்ற பத்துக் காணொளிகளைச் செயலி உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும். ஊரே அதைத்தான் பேசுகிறது என்று தோன்றும். உண்மையில், நீங்கள் எதைப் பார்த்தீர்களோ அதையே செயலி திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

படத்தில் இருப்பது உண்மையான முகமா?

அந்தக் காலத்து ஸ்டூடியோ உங்களுக்கு நினைவிருக்கும். விளக்கைச் சரிசெய்வார்கள், முகவாயைச் சற்றுத் தூக்கச் சொல்வார்கள். பிறகு நெகட்டிவில் கூரிய பென்சிலால் தழும்புகளையும் சுருக்கங்களையும் திருத்துவார்கள். படத்தைப் பார்த்து, "என்னை விட என் படம் அழகு" என்று சிரித்திருப்பீர்கள். திருத்தியது நமக்குத் தெரியும், அதனால் ஏமாறவில்லை.

இன்று அதே திருத்தத்தைக் கைப்பேசியே செய்துவிடுகிறது. தோல் வழவழப்பாகும், கன்னம் ஒடுங்கும், நிறம் வெளுக்கும். பல கைப்பேசிகளில் இதற்கான அமைப்பு முன்கூட்டியே முடுக்கிவிடப்பட்டிருக்கும். திருத்தியது யார் என்பதே நமக்குத் தெரிவதில்லை. இன்னொன்றும் உண்டு. கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்து எடுத்தால், மூக்கு இருப்பதைவிடப் பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும். பேரனுடன் காணொளி அழைப்பில் பேசும்போது "என் முகமா இது?" என்று தோன்றினால், அதில் பாதிக் குற்றம் தூரத்தின்மேல்தான். கைப்பேசியைச் சற்றுத் தள்ளி, கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

விளம்பரங்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். முதலில் ஒரு குறையை உங்களுக்குக் காட்டுவார்கள். பிறகு அதற்கு மருந்தை விற்பார்கள். அந்தக் குறை உங்களுக்கே தோன்றியதா, அவர்கள் சொன்ன பிறகு தோன்றியதா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

ஃபிஜித் தீவு சொன்ன பாடம்

ஊடகத்துக்கு அவ்வளவு சக்தி உண்டா என்று கேட்கலாம். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜி நாட்டில் நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது.

ஃபிஜி மக்களிடையே நிறைந்த உடல்வாகு ஆரோக்கியத்தின் அடையாளமாக இருந்தது. யாராவது இளைத்தால் அல்லது பசியில்லை என்றால் வீட்டார் கவலைப்படுவார்கள். நம் பாட்டிமார்களைப் போலவே அவர்களும்! 1995ல் அங்கே ஒரு வட்டாரத்துக்குத் தொலைக்காட்சி முதன்முதலில் வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளரின் குழு அப்போதும், மூன்று ஆண்டு கழித்து 1998லும், பள்ளி மாணவியரிடம் ஒரே கேள்விகளைக் கேட்டது. உணவுப் பழக்கத்தில் கோளாறு இருப்பதைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 1995ல் 12.7 விழுக்காடு, 1998ல் 29.2 விழுக்காடு. மெலிவதற்காக வாந்தி எடுக்கும் வழக்கம் 1995ல் எவரிடமும் இல்லை, 1998ல் 11.3 விழுக்காட்டினரிடம் இருந்தது.

மூன்றே ஆண்டுகள். பல தலைமுறையாக இருந்த கருத்தை அது அசைத்துவிட்டது. அந்தப் பெண்கள் மனவலிமை குறைந்தவர்கள் அல்லர். தினமும் பார்ப்பது மெல்ல மெல்ல 'இயல்பு' ஆகிவிடுகிறது. இது எல்லார்க்கும் பொருந்தும்.

ஊர் வாயும் ஓர் ஊடகம்தான்

திரையில் வருவதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் ஒருவரைப் பார்த்ததும் முதலில் சொல்வது என்ன? "என்ன, இப்படி இளைச்சுப் போயிட்டே?" அல்லது "உடம்பு வச்சிருச்சே!" அக்கறையைக் காட்ட நமக்குப் பழக்கமான வழி அது. ஆனால், கேட்பவர் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார். நம் சமூகத்தில் வேரூன்றிய மூன்று கருத்துகளைப் பார்ப்போம்.

1. தொப்பை வசதியின் அடையாளம். வயிறு நிறையச் சாப்பிடுவதே அரிதாக இருந்த காலத்தில் பிறந்த கருத்து இது. இன்று நிலைமை வேறு. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஆசியர்களுக்கு, குறிப்பாகத் தெற்காசியர்களுக்கு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது எளிது. உடல் பார்வைக்குப் பெருத்துத் தெரியாதபோதே ஆபத்து தொடங்கிவிடலாம்.

2. சிவப்புதான் அழகு. மாப்பிள்ளை, பெண் பார்க்கும்போது நிறம் பார்ப்பதும், குழந்தையை "கறுப்பி" என்று செல்லமாக அழைப்பதும் இன்னும் இருக்கின்றன. 1975ல் இந்தியாவில் அறிமுகமாகி நம் வீடுகளிலும் புழங்கிய புகழ்பெற்ற சிவப்பழகுக் களிம்பு ஒன்று, 2020ல் தன் பெயரிலிருந்து 'சிவப்பழகு' என்று பொருள்படும் சொல்லையே எடுத்துவிட்டது. நிறுவனமே விட்டுவிட்ட சொல்லை நாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

3. வயதானால் அழகும் போச்சு, ஆளும் போச்சு. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்வியை மற்றவர்களைவிட நாமே நம்மிடம் அதிகம் கேட்கிறோம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரை நீண்டகாலம் கவனித்த ஆய்வு ஒன்று 2002ல் வெளியானது. தங்கள் முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருந்தவர்கள், அப்படி இல்லாதவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு அதிகம் வாழ்ந்தது அதில் தெரியவந்தது. எண்ணம் மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று இதற்குப் பொருளன்று. ஆனால், தம்மை மதிப்பவர் மருந்தை வேளைக்குச் சாப்பிடுவார், நடக்கப் போவார், நண்பர்களைச் சந்திப்பார் என்பதை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

நல்ல நோக்கத்தோடு செய்யும் காரியமும் மனத்தைப் புண்படுத்தலாம். 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் நடந்த 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் உங்கள் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். எடை கூடிய மாணவர்களைக் கூடுதல் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். சக மாணவர்கள் கேலி செய்ததைப் பலர் பெரியவர்களான பிறகும் மறக்கவில்லை. பின்னர் அந்தத் திட்டத்துக்குப் பதிலாக எல்லா மாணவர்களின் ஒட்டுமொத்த நலத்தையும் பார்க்கும் அணுகுமுறை வந்தது. எடையைக் குறிவைத்துப் பேசுவதைவிட நலத்தைக் குறிவைத்துப் பேசுவது நல்லது என்பதே அதில் நாம் கற்க வேண்டியது.

தவறான அளவுகோல் உடலைத் தொடும் நான்கு இடங்கள்

1. தசை. 30 வயதைக் கடந்த பிறகு தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. 60க்குப் பிறகு வேகம் கூடுகிறது. இளைப்பதற்காக உணவைக் குறைக்கும் மூத்தவர் கொழுப்பை மட்டும் இழப்பதில்லை, தசையையும் இழக்கிறார். பிறகு படி ஏறுவது, பேருந்தில் பிடித்து நிற்பது, குளியலறையில் எழுந்திருப்பது எல்லாம் கடினமாகும். விழும் ஆபத்தும் கூடும்.

2. வயிறு. "பூசினாப்புல" என்ற பாராட்டில் மயங்கினால், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொழுப்புச்சத்து ஆகியவற்றுக்கான பரிசோதனை தள்ளிப்போகும்.

3. மாத்திரையும் களிம்பும். 2002ல் சிங்கப்பூரில் விற்கப்பட்ட மெலிவு மாத்திரை ஒன்றைச் சாப்பிட்ட தொலைக்காட்சி நடிகை ஒருவருக்குக் கல்லீரல் செயலிழந்தது. அவருடைய காதலர் தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்து அவரைக் காப்பாற்றினார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண்மணி உயிரிழந்தார். அதில் அறிவிக்கப்படாத மருந்துப்பொருள்கள் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010ல் மீட்டுக்கொள்ளப்பட்ட 'சிபுட்ராமின்' என்ற மருந்து, இணையத்தில் விற்கும் மெலிவுக் காப்பியிலும் மாத்திரையிலும் இன்னும் கலந்து வருவதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருக்கலாம். அது தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். சிலவற்றில் கலக்கும் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ ஏற்கெனவே மருந்து சாப்பிடும் மூத்தோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

4. தனிமை. தோற்றத்தை எண்ணிக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருப்பவர் குறைவாக நடக்கிறார், குறைவாகப் பேசுகிறார், தனியாகச் சாப்பிடுகிறார். மனச்சோர்வு மெல்ல உள்ளே வருகிறது.

சரியான அளவுகோல் எது?

கண்ணாடியும் உறவினரும் சொல்வதை விட்டுவிட்டு, ஓர் அளவு நாடாவையும் நாற்காலியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

• இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு அளவு எடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பது நல்லது.

• உடல் எடைக் குறியீடு. கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைக்கும் எண் இது. ஆசியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை ஆபத்து குறைவு. 23 முதல் 27.4 வரை மிதமானது, 27.5க்கு மேல் அதிகம். எடுத்துக்காட்டாக, 1.55 மீட்டர் உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 44.5 முதல் 55 கிலோ வரை. ஆனால், மூத்தோருக்கு இந்த எண் மட்டும் போதாது. எடை சரியாக இருந்தும் தசை குறைந்திருக்கலாம்.

• கெண்டைக்கால் சுற்றளவு. காலின் மிகப் பருத்த இடத்தில் அளக்கவும். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால், தசை குறைந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவு சரியாக வராது.

• நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், கால் தசைக்குப் பயிற்சி தேவை. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள். முழங்கால் வலியோ தலைசுற்றலோ இருந்தால் செய்ய வேண்டாம்.

இந்த அளவுகள் எதிலும் நிறம் இல்லை, சுருக்கம் இல்லை, நரை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சொல்லை மாற்றிப் பார்ப்போம்

நம் வாயில் வரும் சொல்லை மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

• "இளைச்சு அழகாயிட்டீங்க" என்பதற்குப் பதில்: "உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. உடம்பு எப்படி இருக்கு? நல்லாச் சாப்பிடுறீங்களா?"

• "தொப்பை போட்டுருச்சே" என்பதற்குப் பதில்: "சாயங்காலம் நான் நடக்கப் போறேன், நீங்களும் வாங்களேன்."

• "வயசாயிடுச்சு, இனி என்ன இருக்கு" என்பதற்குப் பதில்: "இந்தக் கால் இத்தனை வருஷம் என்னைச் சுமந்திருக்கு. இதை நான் பார்த்துக்கணும்."

மற்றவர் உங்களைப் பற்றிச் சொன்னால் என்ன செய்வது? கோபப்பட வேண்டாம். "உடம்பு நல்லா இருக்கு, அது போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

பேரப்பிள்ளைகள் உங்களைக் கவனிக்கிறார்கள்

பேத்தியின் தட்டைப் பார்த்து "போதும், குண்டாயிடுவே" என்று ஒரு நாள் சொல்லியிருப்பீர்கள். மறுநாள் "இன்னும் ஒரு தோசை வச்சுக்கோ" என்று வற்புறுத்தியிருப்பீர்கள். இரண்டும் பாசம்தான். பிள்ளைக்குக் கேட்பதோ ஒன்றே ஒன்று: 'என் உடலில் ஏதோ சரியில்லை.' பசித்தால் சாப்பிடவும், வயிறு நிறைந்தால் நிறுத்தவும் பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்ள விடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் உடலைப் பற்றியும் கேலிப்பெயர் வேண்டாம். அவர்கள் முன்னால் உங்கள் உடலையும் நீங்கள் திட்டிக்கொள்ளாதீர்கள். "பாட்டி கை பாரு, எத்தனை சப்பாத்தி உருட்டியிருக்கு!" என்று சொல்லும் பாட்டியிடமிருந்து பிள்ளை வேறொரு பாடம் கற்கிறது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் பெற்றோரிடம் அமைதியாகச் சொல்லுங்கள்: அடிக்கடி உணவைத் தவிர்ப்பது, சாப்பிட்ட உடனே கழிப்பறைக்குப் போவது, குடும்பத்தோடு சாப்பிட மறுப்பது, எடை வேகமாகக் குறைவது, அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்வது. இவை பிடிவாதமாகத் தெரிந்தாலும், சிகிச்சை தேவைப்படும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். பள்ளி ஆலோசகரோ குடும்ப மருத்துவரோ உதவுவார்.

நோய் உடலை மாற்றியிருந்தால்

மார்பக அறுவை சிகிச்சை, நீரிழிவால் விரலையோ காலையோ எடுக்க நேர்ந்தது, பக்கவாதத்தால் வாய் ஒரு பக்கம் கோணியது என்று சிலருக்கு உடல் ஒரே நாளில் மாறிவிடுகிறது. "உயிர் பிழைத்ததே பெரிது, இதற்கா வருத்தப்படுவது?" என்று வீட்டார் சொல்லலாம். பிழைத்ததற்கு மகிழ்வதும் இழந்ததற்கு வருந்துவதும் ஒரே மனத்தில் இருக்க முடியும். இரண்டும் நியாயமானவையே.

உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால், தாதியிடமோ மருத்துவச் சமூக ஊழியரிடமோ பேசுங்கள். செயற்கை மார்பு வைக்கும் உள்ளாடை, செயற்கைக் கால், பேச்சுப் பயிற்சி, பொய்ப்பல் போன்றவற்றுக்கு அவர்கள் வழி காட்டுவார்கள். இவற்றைக் கேட்பது ஆடம்பரம் இல்லை. வீட்டைவிட்டு வெளியே வர உதவும் எதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இந்த வாரம் தொடங்கலாம்

• ஒவ்வொரு வேளையும் புரதம். மூத்தோருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உள்ளது. மீன், கோழி, தாவ்குவா, பருப்பு, கொண்டைக்கடலை, தயிர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் ரொட்டியும் காப்பியும் இரவு உணவாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

• தட்டைப் பிரியுங்கள். பாதித் தட்டு காய்கறி, பழம். கால் தட்டு முழுதானியம். கால் தட்டு புரதம். உணவங்காடி நிலையத்திலும் "சோறு கொஞ்சம், காய் அதிகம்" என்று கேட்கலாம்.

• உடலை வேலை வாங்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்கும்படி நடங்கள். தசைப் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளும், சமநிலைப் பயிற்சியை மூன்று நாளும் செய்யுங்கள். அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் சேர்ந்து செய்தால் துணையும் கிடைக்கும். அங்கே யாரும் உங்கள் வயிற்றைப் பார்க்க மாட்டார்கள். அவரவர் காலைத் தூக்குவதே அவரவர்க்குப் பெரிய வேலை!

• கைப்பேசியைச் சுத்தம் செய்யுங்கள். மெலிவு, சிவப்பழகு, இளமை திரும்பும் என்ற காணொளி வந்தால், 'இதில் ஆர்வமில்லை' என்பதை அழுத்துங்கள். எப்படி என்று பேரப்பிள்ளையிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

• வீட்டில் உள்ள களிம்பு, மாத்திரை, மெலிவுக் காப்பியைப் பார்வையிடுங்கள். எங்கே தயாரித்தது, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதவற்றை நிறுத்திவிட்டு, மருந்தாளரிடம் காட்டுங்கள்.

• உங்களுக்குப் பிடித்தபடி உடுத்துங்கள். நல்ல புடவை, பொட்டு, கொஞ்சம் பூ, சலவைச் சட்டை எதற்கும் வயது வரம்பு இல்லை. தன்னை அழகுபடுத்திக்கொள்வது வேறு, தன் உடலை வெறுப்பது வேறு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

• ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், முயற்சி செய்யாமலே எடை 5 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. மோதிரம் கழல்வது, ரவிக்கை தொளதொளப்பது, கால்சட்டை நழுவுவது ஆகியவையும் அறிகுறிகள். நீரிழிவு, தைராய்டு, புற்றுநோய், பல் பிரச்சினை, மனச்சோர்வு, மருந்தின் பக்கவிளைவு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

• இடுப்புச் சுற்றளவு மேலே சொன்ன அளவைத் தாண்டினால்.

• தோற்றக் கவலையால் இரண்டு வாரத்துக்கு மேல் உணவு, தூக்கம், வெளியே செல்வது பாதிக்கப்பட்டால்.

'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் நீங்கள் பதிந்துகொண்ட மருந்தகத்தையோ அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தையோ அணுகுங்கள். மனம் பாரமாக இருந்தால், தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1771ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். மூத்தோருக்கான சேவைகள் பற்றி அறிய, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800-650-6060 எண்ணை அழையுங்கள். மெலிவு மருந்தைச் சாப்பிட்ட பிறகு நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே 995.

நினைவில் நிற்கிறதா?

1. முயற்சி செய்யாமல் எடை குறைவது நல்லதா?
இல்லை. யார் பாராட்டினாலும் காரணத்தை அறிய மருத்துவரைப் பாருங்கள்.

2. பார்வைக்கு ஒல்லியாக இருந்தால் ஆபத்து இல்லையா?
அப்படிச் சொல்ல முடியாது. இடுப்பையும் கெண்டைக்காலையும் அளந்து பாருங்கள்.

3. ஊடகம் காட்டும் அழகு மாறாததா?
மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் காலத்துப் படங்களே சாட்சி.

மீண்டும் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு வருவோம். அதே அம்மாவிடம் உறவினர் இப்படிக் கேட்டிருந்தால்? "அக்கா, உடம்பு இளைச்சிருக்கே, நல்லாச் சாப்பிடுறீங்களா? டாக்டரைப் பார்த்தீங்களா?" அந்த ஒரு கேள்வி அவரை மறுநாளே மருந்தகத்துக்கு அனுப்பியிருக்கும். போகும்போது கணவரையும் அழைத்துக்கொண்டு போயிருப்பார்.

அடுத்த விசேஷத்தில் அப்படிக் கேட்பவர் நீங்களாக இருங்கள்.